லாம்

பெல்ஃபாஸ்டில் மூன்றாம் மாடி.
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்.
என் வேலை சட்டம் இயற்றுவதல்ல,
இயற்றியதில் சொல் மாற்றுவது.
"பித்தர்" என்றிருந்த இடத்தில் "நோயாளி",
"நோயாளி" என்றிருந்த இடத்தில் "நபர்".
ஒரு காற்புள்ளிக்காக
ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்
நானும் டெஸ்மண்ட் கில்பேட்ரிக்கும்.

தத்து, மனநலம், பராமரிப்பு
மூன்றையும் ஒரே மசோதாவில் கட்டியிருந்தார்கள்,
சந்தைக்குப் போகும் கோழிகளைக்
காலோடு கால் கட்டுவது போல.
அது இழுப்பறைக்குள் போனது.
சபை கலைந்தது. கூடியது. கலைந்தது.
முதல் வரைவில் எடுத்துக்காட்டுக்கு
நாலு வயதென்று எழுதிவைத்த "குழந்தை அ"
நிஜமாக இருந்திருந்தால்
இந்நேரம் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்.

கருத்துக் கேட்டோம். நூற்றுப் பன்னிரண்டு பதில்கள்.
எண்பத்து மூன்றாவது
ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அட்டையின் பின்புறம்.
முன்புறம் சூப், மீன், கஸ்டர்ட்;
மீனுக்கு மட்டும் டிக்.
ஓமாவிலிருந்து, ப்ரோனா மெக்கெல்டஃப்.
நீங்கள் அமைப்பா, தனிநபரா என்ற கேள்வியையும்
எடுத்து எழுதி,
இரண்டையும் அடித்திருந்தாள்.
கீழே:

"நான் வார்டில் கிடந்தபோது
என் மகனைக் கொடுத்துவிட்டீர்கள்.
என் சம்மதம் தேவையில்லை என்று தீர்ப்பு.
சரி, அன்றைக்கு எனக்கு
என் பெயர்கூடத் தேவைப்படவில்லை.
தேறி வந்து கேட்டேன், நன்றாக இருக்கிறானா என்று.
தெரிவிக்கலாம் என்கிறது சட்டம் என்றார்கள்.
தெரிவிக்கலாம்.
பதினொரு வருடமாக
அந்த லாமோடு குடித்தனம் நடத்துகிறேன்."

அன்றிரவு மசோதாவில் லாம்களை எண்ணினேன்.
இருநூற்றுப் பதினான்கு.
உதவலாம். சந்திக்கலாம். காரணம் கூறலாம்.
அண்ணனையும் தங்கையையும்
ஒரே வீட்டில் வைக்கலாம்.
கதவைத் திறந்துவிட்டு
வாசலை நகர்த்தி வைக்கும் சொல்.
பச்சைப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்து
"வேண்டும்" என்று எழுதினேன்.
எழுத எழுதத்தான் உறைத்தது,
கட்டளை இடுபவரும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்,
கடை வாசலில் அழுகிற பிள்ளையும் இதைத்தான்.

நிதித்துறை படித்தது.
ஒரு வேண்டும் என்ன விலை தெரியுமா என்றது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சமூகப் பணியாளர்,
அவருக்கு ஒரு கார், காருக்கு பெட்ரோல்,
ஃபெர்மனாவின் மலைச்சாலையில் ஒரு பஞ்சர்.
சொன்னதில் பொய் எதுவும் இல்லை.
பேரம் நடந்தது, பிஸ்கட்டோடு.
முப்பத்தொன்று பிழைத்தன.

பதினேழாம் பிரிவு, உட்பிரிவு மூன்றும் பிழைத்தது:
தெரிவிக்க வேண்டும்.
முன்னால் ஓர் ஒட்டு, "இயன்றவரை".
அது இல்லாவிட்டால் மொத்தமும் போயிருக்கும்
என்றான் டெஸ்மண்ட்.
போயிருக்கும்தான்.

நிறைவேறிய மாலை மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
கீழே அவையில் பதினெட்டுப் பேர்.
ஒருவர் தொண்டைக்கு மிட்டாய் பிரித்தார்;
அந்தக் காகிதச் சத்தம்
விவாதத்தைவிடத் தெளிவாகக் கேட்டது.
எதிர்ப்பில்லை. முடிந்தது.
யாரோ மைக்கை அணைத்தார்கள்.

பேருந்தில் ஈரக் கோட்டுகளின் வாசனை.
பக்கத்தில் ஒரு பையன் சிப்ஸ் தின்றான், எனக்கும் நீட்டினான்.
எடுத்துக்கொண்டேன்.
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து
ஓமாவுக்கு மனசுக்குள் கடிதம் தொடங்கினேன்:
அன்புள்ள ப்ரோனா, மாற்றியாயிற்று.

அத்தோடு நின்றது.
கடைசிப் பிரிவு ஞாபகம் வந்துவிட்டது,
எல்லாச் சட்டத்திலும் இருப்பது, எவரும் படிக்காதது,
நானே தட்டச்சு செய்து
எண்ணாமல் விட்டது:

"இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளைத்
துறை குறிக்கலாம்."